ஊசிக்கு நாள் பார்த்த கதை

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகி மூன்று மாதம் கழிந்தால் "விசேஷம் உண்டா?" என்று கேட்பார்கள். ஒரு வருடம் தாண்டினால் அதே கேள்வி நம்மை விட்டுவிட்டு அம்மாவிடம் போகும். நான்கு வருடம் ஆகிவிட்டால் யாரும் கேட்பதில்லை. வளைகாப்புக்கு அழைக்கும்போது மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள். 2021 பிறந்தபோது நான் அந்தக் கட்டத்தை நெருங்கியிருந்தேன். வயது முப்பது. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஜனவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று என்று இரண்டு ஐ.யு.ஐ. (கணவரின் விந்தணுவைக் கருப்பைக்குள் நேராகச் செலுத்தும் சிகிச்சை) செய்து இரண்டும் தங்கவில்லை.

ஐ.யு.ஐ. செய்துகொண்டவர்களின் மாதக் கணக்கு வேறு. முட்டை வளர மாத்திரை விழுங்கும் ஐந்து நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள் ஸ்கேன், முட்டை வெடிக்கிற ஊசி, அதற்குப் பிறகு மாடிப்படி ஏறக்கூட யோசிக்கும் பதினான்கு நாள். இந்தக் கணக்கில் கொரோனா தடுப்பூசியை எந்த இடத்தில் நுழைப்பது, நுழைக்கத்தான் வேண்டுமா என்பதே அந்த வருடம் எங்கள் வீட்டில் ஓடிய வழக்கு.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வகுப்பில் எட்வர்ட் ஜென்னர் பாடம் நடத்துகிறவள் நான். பால்காரப் பெண்ணுக்குப் பெரியம்மை ஏன் வரவில்லை என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவள். அப்படிப்பட்டவள், என் கையில் ஊசி என்றதும், ஐந்து நிமிட வாட்ஸ்அப் ஆடியோ ஒன்றை மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டேன். "இந்த ஊசி போட்டா ரெண்டு வருஷத்துக்குக் கரு தங்காதாம். வெளிநாட்டு டாக்டரே சொல்லிட்டாரு." பேசிய பெண் யாரென்று தெரியாது. ஆனால் குரலில் ஒரு அக்கறை இருந்தது. பயமுறுத்துகிற மாதிரிப் பேசியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

ஏப்ரலில் நடிகர் விவேக் இறந்தார். 15ஆம் தேதி தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேமரா முன்னால் சொன்ன மனிதர், 17ஆம் தேதி காலையில் இல்லை. ஊசிக்கும் மாரடைப்புக்கும் தொடர்பில்லை என்று டாக்டர்கள் அன்றே சொன்னார்கள். பின்னாளில் அரசு அமைத்த குழுவும் அதையே சொன்னது. ஆனால் அன்றைக்கு அதை யார் காதில் வாங்கினார்கள்? அத்தைக்கு அடுத்த வாரம் ஊசி போடுவதாக இருந்தது. "எனக்கு வேண்டாம்மா, இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்" என்று டி.வி.யை அணைத்துவிட்டார்கள். அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நீயும் போட்டுராத. வயித்துல ஒண்ணு வரவேண்டிய நேரத்துல" என்றார்கள்.

மாமியார் என்பதால் அத்தையைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. அப்படிச் செய்ய எனக்கு மனமில்லை. என் ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. நெருக்கடி நிலைக் காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆப்பரேஷனுக்கு ஆள் பிடித்த கதைகளைச் சின்ன வயதில் அவளிடம்தான் கேட்டிருக்கிறேன். "கவருமெண்டு சும்மா குடுத்தா, எதையாவது எடுத்துக்கிடும்ட்டி" என்பாள். அரசாங்கம் இலவசமாகப் போடுகிற ஊசி என்றதும் பிள்ளைப்பேறு பற்றிய பயம் முளைப்பதற்கு இப்படி ஒரு பழைய வேர் இருக்கிறது. 'அறியாமை' என்று ஒரே சொல்லில் ஒதுக்கினால் அந்த வேர் இன்னும் ஆழமாகத்தான் போகும்.

சரி, அந்த ஆடியோ எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். ஊரடங்கு, பள்ளி கிடையாது, நேரம் இருந்தது. 2020 டிசம்பரில் ஐரோப்பாவில் இரண்டு பேர் ஒரு மனுக் கொடுத்திருக்கிறார்கள். கொரோனா வைரஸின் மேலே முள்முள்ளாக இருக்கும் புரதமும், நஞ்சுக்கொடி உருவாக உதவும் சின்சிடின்-1 என்ற புரதமும் ஒன்றுபோல இருக்கின்றன, அதனால் ஊசியால் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடியையும் தாக்கலாம் என்பது அவர்கள் வாதம். வைரஸ் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்த ஒற்றுமை ஒன்றுமே இல்லாத அளவு சிறியது என்று பதில் சொல்லியிருந்தார்கள். 'புரத வரிசை' என்று ஆரம்பித்த பதில்கள் எனக்குப் பாதிதான் புரிந்தன. எனக்கு விடிந்தது வேறொரு எளிய கணக்கில். ஊசியால் வரும் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடியைத் தாக்கும் என்றால், நோய் வந்து போனவர்கள் உடம்பிலும் அதே எதிர்ப்புச் சக்திதானே இருக்கிறது? முதல் அலையில் கொரோனா வந்த எத்தனை பெண்கள் அதற்குப் பின் உண்டானார்கள்! எங்கள் தெருவிலேயே இரண்டு பேர்.

இப்படிப் புத்திக்குத் தெளிந்த பிறகும் மனசு தெளியவில்லை. அந்தத் தெளிவை மே மாதம் கொடுத்தது. கொடுத்த விதம் நன்றாக இல்லை.

மே 10ஆம் தேதி முழு ஊரடங்கு தொடங்கியது. அடுத்த சில நாளில் என் கணவருக்குக் காய்ச்சல். ஐந்து நாள் விடாமல் நூற்றிரண்டு, நூற்றிமூன்று. வீட்டிலேயே கிடந்து தேறினார். அதே வாரம் அவருடைய சித்தி மருமகளுக்கும் வந்தது. ஏழு மாதக் கர்ப்பிணி. தாயையும் பிள்ளையையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் ஊசி போடவில்லை. அப்போது கர்ப்பிணிகளுக்கு அனுமதியும் கிடையாது. ஆக்சிஜன் அளவு குறைந்து, பதினோரு நாள் குழாயோடு கிடந்து, வாரம் முதிராமலே ஆப்பரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். அந்தப் பதினோரு நாளும் சித்தி போன் எடுக்கும்போதெல்லாம் முதலில் ஒரு மூச்சுச் சத்தம்தான் கேட்கும். பேச்சு பிறகுதான் வரும்.

ஜூன் மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். ஒரு கணக்கு வெளியிட்டது. கர்ப்பிணிகளிலும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களிலும் நோய் அறிகுறியோடு வந்தவர்கள் முதல் அலையில் 14.2 சதவீதம், இரண்டாம் அலையில் 28.7 சதவீதம். இறப்பு 0.7 சதவீதத்திலிருந்து 5.7 சதவீதமாக ஏறியிருந்தது. செய்தித்தாளில் அது ஒரு மூலையில் வந்திருந்தது. நான் வெட்டி வைத்துக்கொண்டேன்.

என் டாக்டரிடம் போனில்தான் பேச முடிந்தது. நான் கேட்டது, "மேடம், ஊசி போட்டா கரு தங்குறதுல பிரச்சினை வருமா?" அவர் சொன்னது இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. "ஊசி போட்டா என்ன ஆகும்னு கேக்கீங்க. போடாம உண்டாகி, ஏழாம் மாசம் மூச்சு முட்டினா என்ன ஆகும்னு ஏன் கேக்கல? ரெண்டையும் சேத்துக் கேளுங்க."

அதுவரை என் மனக்கணக்கில் ஒரு பக்கத்தில் ஊசி இருந்தது. இன்னொரு பக்கத்தில் ஒன்றுமே இல்லாமல், சுத்தமாக, பத்திரமாக ஒரு வெற்றிடம் இருந்தது. உண்மையில் அந்த இடத்தில் இருந்தது நோய். ஊசியையும் நோயையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தபோது முடிவு கஷ்டமாக இல்லை. அன்றைக்கே முடிவு செய்தேன்.

முடிவு செய்துவிட்டால் ஆயிற்றா? அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டும். அந்த நாட்களில் தடுப்பூசிக்குத் தட்டுப்பாடு. காலை ஐந்தரைக்கு டோக்கன். ஜூன் 8ஆம் தேதி போனேன். மூன்று மணி நேரம் நின்று மேசைக்கு வந்தால் நர்ஸம்மா கேட்டார்கள்: "கல்யாணம் ஆயிட்டா? மாசமா இருக்கியளா? கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சிய?"

எனக்கு அன்று மாதவிடாய்ச் சுழற்சியின் இருபத்திரண்டாம் நாள். அந்த மாதம் சிகிச்சை எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு ஆசை இருக்கும் இல்லையா, அந்த ஆசையோடு, "தெரியல சிஸ்டர், ட்ரீட்மெண்ட்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். "மாசமா இருந்தா போடக்கூடாதுன்னு உத்தரவும்மா. குளிச்சிட்டு, இல்லன்னு உறுதியானதும் வாங்க." டோக்கனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். நெல்லை வெயிலில் ஸ்கூட்டியை எடுத்தபோது அழுகை வந்தது. ஊசி கிடைக்காததற்கா, 'ட்ரீட்மெண்ட்' என்ற சொல்லை வரிசையில் உரக்கச் சொன்னதற்கா என்று இன்றும் தெரியாது.

அந்த நர்ஸம்மா மேல் தப்பில்லை. அன்றைய விதி அது. மூன்றரை வாரத்தில், ஜூலை 2ஆம் தேதி, கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகமே அறிவித்துவிட்டது. அதற்கு முன், ஜூன் 21ஆம் தேதி, ஊசியால் மலட்டுத்தன்மை வரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்றும் அறிக்கை விட்டிருந்தது. விதி மாறிக்கொண்டே இருந்த காலம். அது ஏமாற்று வேலை என்று என் கணவரின் சிநேகிதர்கள் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கர்ப்பிணிகளை முதல் பரிசோதனைகளில் சேர்த்துக்கொள்ளாததால் விவரம் கையில் இல்லை, அதனால் முதலில் வேண்டாம் என்றார்கள். விவரம் வந்தது, சரி என்றார்கள். எனக்குக் கோபம் வருவது அந்த முதல் விஷயத்தில்தான். நோய் வந்தால் அதிகம் பாதிக்கப்படுகிறவர்களைச் சோதனைக்கு வெளியே நிறுத்திவிட்டு, பிறகு விவரம் இல்லை என்று அவர்களையே காத்திருக்கச் சொன்னது.

அந்த அலைச்சலில் ஒரு பாடம் கிடைத்தது. டாக்டரும் அதையே சொன்னார். குளித்த மூன்றாம் நாள், நான்காம் நாள் போய்ப் போட்டுக்கொண்டால் 'உண்டாகியிருப்பேனோ' என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. சிகிச்சை நடக்கும் மாதமாக இருந்தால் ஐ.யு.ஐ.க்கு மூன்று நாள் முன்னும் பின்னும் வேண்டாம். ஊசி கெடுதல் என்பதால் இல்லை. காய்ச்சல் வந்தால் அது ஊசிக் காய்ச்சலா, உள்ளே கிருமி போனதால் வந்த காய்ச்சலா என்று குழம்பக்கூடாது என்பதற்காக. ஜூன் 15 குளித்தேன், 18ஆம் தேதி கோவிஷீல்டு. அன்று இரவு நூற்றொன்று. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்தேன், மறுநாள் சாயங்காலம் சரியாகிவிட்டது.

அடுத்த மாதம் நாள் தள்ளியது. ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள். வீட்டில் ஒரு ரகசியச் சந்தோஷம். அத்தை மிளகாய் வற்றலைக்கூட என்னைத் தூக்க விடவில்லை. கார்டு டெஸ்டில் ஒற்றைக் கோடு. ஜூலை 17 குளித்துவிட்டேன். "நான் அப்பவே சொன்னேன்" என்று அத்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

ஊசிக்குப் பின் மாதவிடாய் தள்ளிப் போனதாகப் பல பெண்கள் அப்போது சொன்னார்கள், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2022 ஜனவரியில்தான் அமெரிக்காவில் 3,959 பெண்களின் சுழற்சிக் கணக்கை வைத்து ஒரு ஆய்வு வந்தது. சராசரியாகத் தள்ளிப்போவது ஒரு நாளுக்கும் குறைவு, அடுத்த சில சுழற்சிகளில் பழையபடி ஆகிவிடுகிறது என்றது. எனக்கு நான்கு நாள். ஊசியாலா, மே மாதப் பதற்றத்தாலா, மாத்திரையை நிறுத்தியதாலா, தெரியாது. இதை முன்கூட்டியே ஒருத்தர் சொல்லியிருந்தால் அந்த நான்கு நாள் பொய் நம்பிக்கை இருந்திருக்காது. எனவே நான் சொல்கிறேன்: ஊசி போட்ட மாதத்தில் நாள் தள்ளினால் உடனே இனிப்பு வாங்கவும் வேண்டாம், ஊசியைத் திட்டவும் வேண்டாம். ஒரு வாரம் பொறுத்து கார்டு வாங்குங்கள்.

இவ்வளவு நேரமும் ஊசி என்றால் அது என் கை, என் வயிறு என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளை பெறுவதில் பாதிப் பங்குள்ள ஆள் திண்ணையில் உட்கார்ந்து, "எனக்குத்தான் வந்து போயிட்டே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்மை போய்விடும் என்று அவருடைய கடைப்பக்கம் ஒரு பேச்சு. 2021 ஜனவரியிலேயே இந்தியாவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர் சோமானி அதை முழு அபத்தம் என்று சொல்லியிருந்தார். அமெரிக்காவில் 45 ஆண்களை வைத்து ஊசிக்கு முன்னும் பின்னும் விந்தணுவை எண்ணிப் பார்த்திருந்தார்கள், குறையவில்லை. இதையெல்லாம் நான் வாசித்துக் காட்டியபோது, "நீ டீச்சர், உனக்கு எல்லாத்துக்கும் ஒரு பேப்பர் இருக்கும்" என்றார்.

ஜூலையில் டாக்டர் அவருக்கு மறுபடி விந்தணுப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். மார்ச்சில் நன்றாக இருந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அவர் ஊசியே போடவில்லை, நினைவில் வையுங்கள். இறக்கியது மே மாதக் காய்ச்சல். விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் போல ஆகும். அந்தச் சமயத்தில் பலத்த காய்ச்சல் வந்தால், எந்தக் காய்ச்சலாக இருந்தாலும், அதன் அடி ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து எண்ணிக்கையில் தெரியும், பிறகு தானாகச் சரியாகும் என்று டாக்டர் விளக்கினார். செப்டம்பர் கடைசியில் பார்த்தபோது சரியாகியும் இருந்தது. பின்னால் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்றில், கருத்தரிக்க முயன்ற 2,126 பெண்களைத் தொடர்ந்து பார்த்து, ஊசிக்கும் கருத்தரிப்புக்கும் சம்பந்தமில்லை, ஆனால் ஆணுக்கு நோய் வந்த இரண்டு மாதத்துக்குள் வாய்ப்பு சற்றுக் குறைகிறது என்று கண்டதைப் படித்தேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்தது அதுதான். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு இவரிடம் நான் எந்தப் பேப்பரையும் வாசிக்க வேண்டியிருக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதுதான் இதை எழுதியதற்கே காரணம்.

ஆகஸ்டில், அடுத்த சிகிச்சைக்கு முன் என்று டாக்டர் ஒரு பட்டியல் ரத்தப் பரிசோதனை எழுதினார். அதில் 'ருபெல்லா ஐ.ஜி.ஜி.' என்று ஒன்று. முடிவு நெகட்டிவ். கொரோனா காலப் பழக்கத்தில் நெகட்டிவ் என்றதும் நல்லது என்று நினைத்துவிட்டேன். "உங்களுக்கு ருபெல்லாவுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூணுக்கும் சேத்துப் போடுற எம்.எம்.ஆர். ஊசி போடணும். போட்டு ஒரு மாசம் கர்ப்பம் ஆகக்கூடாது" என்றார்.

ருபெல்லா சாதாரணமாக வந்தால் லேசான காய்ச்சல், உடம்பில் சிவப்புத் தடிப்பு, மூன்று நாளில் போய்விடும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு வந்தால் கதை வேறு. கரு கலையலாம், பிறந்தால் காது கேளாமை, கண்புரை, இருதயக் கோளாறு. 1941இல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர், தன்னிடம் கண்புரையோடு வந்த கைக்குழந்தைகளின் தாய்மார்களை விசாரித்துத்தான் இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்தார். நான் பிறந்த காலத்தில் அரசு அட்டவணையில் தட்டம்மை ஊசி மட்டும் உண்டு, ருபெல்லா கிடையாது.

இதில் எனக்குச் சுருக்கென்று குத்திய விஷயம் ஒன்று உண்டு. 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ருபெல்லா ஊசி போடும் இயக்கம் தொடங்கியது. நாட்டிலேயே முதல் சுற்றில் சேர்ந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அப்போதும் வாட்ஸ்அப் வதந்தி, அப்போதும் பெற்றோர் பள்ளி வாசலில் சண்டை. என் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, மயங்கி விழுந்தவளுக்குத் தண்ணீர் தெளித்து, கோபமாக வந்த அப்பாக்களிடம் "சார், நாளைக்கு உங்க மக உண்டாகும்போது இது அவளைக் காப்பாத்தும்" என்று பேசிச் சமாளித்தவள் நான். அந்த மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வைகாசியில் முகூர்த்தம். பிள்ளை உண்டாகப் போகிறவள் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். 'டீச்சர், நீங்க போட்டிருக்கீங்களா' என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நான்கு வருடத்தில் எத்தனை டாக்டர், எத்தனை ஸ்கேன், எத்தனை கோயில்! கருத்தரிக்கும் முன்னரே போட்டே ஆகவேண்டிய ஊசி எது என்று யாரும் கேட்காமல், எந்த நாளிலும் போடலாம் என்ற ஊசிக்காக வீடே ஆறு மாதம் மல்லுக்கட்டியது.

எம்.எம்.ஆர். உயிருள்ள, ஆனால் பலம் குறைக்கப்பட்ட வைரஸ் ஊசி. சின்னம்மை ஊசியும் அப்படியே. அதனால்தான் கர்ப்பத்தில் போடுவதில்லை, போட்டபின் ஒரு மாத இடைவெளி கேட்கிறார்கள். சின்னம்மை பற்றியும் டாக்டர் கேட்டார். எட்டு வயதில் எனக்கு அம்மை போட்டு, வேப்பிலைப் படுக்கையில் கிடந்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றியது அம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. அது போதும், ஊசி வேண்டாம் என்றுவிட்டார். கோவிஷீல்டு, கோவாக்சின், ஃப்ளூ, மஞ்சள் காமாலை பி, கர்ப்பத்தில் போடும் டி.டி. எல்லாம் வேறு ரகம். அவற்றில் பெருகக்கூடிய நோய்க்கிருமி இல்லை, காத்திருக்கும் கணக்கும் இல்லை. 'தடுப்பூசி போடலாமா' என்று மொத்தமாகக் கேட்பதைவிட 'இது உயிருள்ள ஊசியா' என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆகஸ்ட் 23 எம்.எம்.ஆர். போட்டேன். ஒரு மாதம் உண்டாகக்கூடாது. நான்கு வருடம் பிள்ளைக்காகத் தவம் கிடந்தவர்கள் தெருமுனை மெடிக்கலுக்குப் போய் ஆணுறை கேட்ட காட்சியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். கடைக்காரர் இத்தனை நாளும் எங்களுக்கு, பிள்ளைக்குத் தயாராகிறவர்கள் விழுங்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தவர். இவரையும் பார்த்தார், டப்பாவையும் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கருப்புப் பையில் போட்டுக் கொடுத்தார்.

அந்த ஒரு மாதத்தில் தெரியாமல் உண்டாகிவிட்டால்? என்னோடு வேலை பார்த்த ஒரு ஆசிரியைக்கு அப்படி ஆகி, கலைத்துவிட வேண்டுமா என்று அழுதுகொண்டே போன் செய்தாள். வேண்டாம். ஒரு மாத இடைவெளி என்பது முன்னெச்சரிக்கை. தெரியாமல் போட்டுக்கொண்டதற்காகக் கருவைக் கலைக்கச் சொல்வதில்லை. அவள் டாக்டரும் அதையேதான் சொன்னார். அவள் பையன் இப்போது மரத்துக்கு மரம் தாவுகிறான்.

செப்டம்பர் 12, தமிழ்நாட்டின் முதல் மெகா தடுப்பூசி முகாம். நாற்பதாயிரம் இடங்கள். எங்கள் பள்ளியே ஒரு மையம். எனக்கு இரண்டாவது தவணை. இவருக்கு நோய் வந்து மூன்று மாதம் கழிந்திருந்தது, முதல் தவணை. அத்தையும் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. புடவை மாற்றி, பையில் ஆதாரை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். ஏன் மனம் மாறியது என்று கேட்டதற்கு, "சித்தி வீட்டுப் பிள்ளையப் போய்ப் பாத்துட்டு வந்தேன். ஒரு கைக்குள்ள அடங்குது" என்றார்கள். நான் வெட்டி வைத்த செய்தித்தாளை அத்தை பார்த்ததே இல்லை.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். அக்டோபரில் மூன்றாவது ஐ.யு.ஐ. தீபாவளிக்கு மறுநாள் கார்டில் இரண்டு கோடு. ஏழாவது வாரம் ஸ்கேனில் துடிப்பு இல்லை.

அந்தக் கார்த்திகை பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, நானே, இத்தனையும் படித்த நானே, ஊசித் தேதிகளை விரல்விட்டு எண்ணினேன். காரணம் ஒன்று கையில் கிடைத்தால் துக்கத்துக்குப் பிடிமானம் கிடைக்கும் போலிருந்தது. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: உண்டானது தெரிந்த கர்ப்பங்களில் நூறில் பத்து முதல் இருபது வரை இப்படிக் கலைகிறது, ஊசி வருவதற்கு முன்னும் அப்படித்தான், பெரும்பாலும் கருவின் குரோமோசோம் பிழை. நார்வேயில் பல ஆயிரம் கர்ப்பங்களை ஒப்பிட்டு, ஊசி போட்டவர்களுக்குக் கருச்சிதைவு கூடவில்லை என்று அந்த அக்டோபரில்தான் முடிவு வந்திருந்தது. அதைக் கேட்டு அன்றைக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கிடைத்தது.

2022 ஏப்ரலில், சிகிச்சை எதுவும் எடுக்காத ஒரு மாதத்தில் உண்டானேன். ஊசியால் தங்கியது என்று சொல்ல வரவில்லை. ஏன் தங்கியது என்று டாக்டருக்கே தெரியாது. 2023 தை மாதம் மகள் பிறந்தாள். ஒன்பதாம் மாதம் தட்டம்மை-ருபெல்லா ஊசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அத்தைதான் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஸ்கூலில் இருந்தேன்.

இப்போது எங்கள் ஆசிரியர் அறையில் யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால் என்னிடமிருந்து வாழ்த்தோடு ஒரு தொந்தரவும் போகும். போன மாதம் புதிதாகச் சேர்ந்த கணக்கு டீச்சருக்கு நிச்சயதார்த்தம். "ருபெல்லா பாத்துட்டியாம்மா?" என்று கேட்டதில் அவள் முகம் சிவந்து, பத்திரிகைக் கட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள். திங்கட்கிழமை இடைவேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான்காக மடித்த லேப் ரிப்போர்ட்டை மேசைக்கு அடியில் நீட்டினாள்.

"டீச்சர், பாசிட்டிவ்னு போட்டிருக்கு. நல்லதா, கெட்டதா?"

"நல்லது" என்றேன்.